நெடுஞ்சாலைத் துப்பாக்கிச்சூடு: விடை கிடைக்காத வழக்குகளும் வீட்டிலிருந்தே துப்பறிவோரும்

அமெரிக்காவின் அரிசோனா மாகாணத் தலைநகரான பீனிக்ஸ் நகரின் ஊடாகச் செல்லும் ஐ-10 நெடுஞ்சாலையில், 2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 10 வரையிலான காலத்தில் 11 வாகனங்கள் தாக்கப்பட்டன. பெரும்பாலான வாகனங்களைத் துளைத்தவை துப்பாக்கித் தோட்டாக்கள். கண்ணாடிச் சிதறல் பட்டு 13 வயது சிறுமி ஒருவர் காயமடைந்தார். உயிரிழப்பு ஏதும் இல்லை. எனினும், அன்றாடம் வேலைக்கும் பள்ளிக்கும் அச்சாலையைப் பயன்படுத்திய பல்லாயிரக்கணக்கானோர், அடுத்த தோட்டா யாருடைய வாகனத்தை நோக்கி வரும் என்ற அச்சத்துடன் பயணித்தனர். சுட்டவர் யார் என்பது இன்றளவும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை.

இதுபோன்ற விடை கிடைக்காத வழக்குகள்தாம் தன்னார்வத் துப்பறிவோரைப் பெரிதும் ஈர்க்கின்றன. காவல் துறையிலோ தடயவியலிலோ பயிற்சி பெறாதவர்கள், வரைபடங்களை விரித்தும், செய்திகளை ஒப்பிட்டும், கண்காணிப்புக் கேமரா காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் குற்றவாளியைத் தேடுகின்றனர். ஒலித் தொடர்களும் காணொளித் தளங்களும் இதை ஒரு பொழுதுபோக்காகவே மாற்றியுள்ளன. இவர்களால் புலனாய்வுக்கு நன்மை விளைகிறதா, தீமை விளைகிறதா என்ற கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. ஒரு காணொளி சில நிமிடங்களில் பல லட்சம் பேரைச் சென்றடையும் இந்தியாவிலும் அது அவசரமான கேள்வியாகவே உள்ளது.

சாலை என்னும் நகரும் களம்

பெரும்பாலான கொலை வழக்குகளில், கொல்லப்பட்டவருக்கும் கொன்றவருக்கும் இடையே ஏதேனும் ஒரு தொடர்பு இருக்கும். உறவு, பகை, பணம், சொத்து என்ற வரிசையில் காவல் துறையின் விசாரணை தொடங்குவதும் அதனால்தான். நெடுஞ்சாலையில் முன்பின் அறியாதவர் மீது சுடப்படும்போது அந்தத் தொடக்கப் புள்ளியே இல்லாமற் போகிறது.

குற்றம் நடந்த இடத்தை வரையறுப்பதும் எளிதன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். கண்ணாடி நொறுங்கிய ஓசையைக் கேட்டு, அதிர்ந்து, ஓரமாக நிறுத்துவதற்குள் ஓட்டுநர் பல நூறு மீட்டர் சென்றிருப்பார். டயரிலோ கதவின் அடிப்பகுதியிலோ தோட்டா பாய்ந்திருந்தால், பல மணி நேரம் கழித்தே அது கவனத்துக்கு வரக்கூடும். அப்போது, எங்கே, எப்போது சுடப்பட்டது என்ற இரு அடிப்படை விவரங்களும் மங்கிவிடுகின்றன. சாட்சிகளும் எதிர்த் திசைகளில் கலைந்து சென்றிருப்பர்.

எஞ்சுவது பெரும்பாலும் நசுங்கிய தோட்டா மட்டுமே. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் உள்ள சுழல் பள்ளங்கள், வெளியேறும் தோட்டாவின் மீது கீறல்களைப் பதிக்கின்றன. கைப்பற்றப்பட்ட துப்பாக்கியிலிருந்து சோதனைக்காகச் சுடப்படும் தோட்டாவின் கீறல்களுடன் அவற்றை நுண்ணோக்கியின் கீழ் ஒப்பிடுவதே வழக்கமான முறை. ஒற்றுமை போதுமா, இல்லையா என்பதை இறுதியில் முடிவு செய்வது நிபுணரின் கண்ணும் அனுபவமும்தான். இத்தகைய ஒப்பீடுகளின் அறிவியல் அடித்தளம் மேலும் வலுப்பெற வேண்டும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் கீழ் அமைந்த குழு 2009-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தது.

பீனிக்ஸ்: அவசரத்தின் விலை

ஐ-10 வழக்கில் இந்தப் பலவீனம் வெளிப்படையாகவே தெரிந்தது. 2015 செப்டம்பர் 18-ஆம் தேதி, தோட்ட வேலை செய்துவந்த 21 வயது இளைஞர் ஒருவரைக் காவல் துறையினர் கைது செய்தனர். அவர் அடகுக் கடையில் வைத்திருந்த கைத்துப்பாக்கி, 11 சம்பவங்களில் நான்குடன் பொருந்துவதாக ஆய்வகம் தெரிவித்தது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே, ஆளைப் பிடித்துவிட்டதாக மாகாண ஆளுநர் டக் டூசி சமூக ஊடகத்தில் அறிவித்தார்.

கைதான இளைஞர் தொடக்கம் முதலே குற்றச்சாட்டை மறுத்தார். அந்தத் துப்பாக்கி ஆகஸ்ட் 30-ஆம் தேதி மாலையே அடகுக் கடைக்குச் சென்றுவிட்டது என்பதை அவரது தரப்பு எடுத்துரைத்தது. அதன் பின்னரும் சாலையில் தாக்குதல்கள் தொடர்ந்தன. வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த நான்கு சம்பவங்களில் ஒன்று, டயரில் தோட்டா பாய்ந்த காரைப் பற்றியது; அது எப்போது சுடப்பட்டது என்பதே சர்ச்சைக்குள்ளானது. பின்னர், தோட்டாக்களை ஆராய்ந்த மற்றொரு நிபுணர், அவை அந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தன என்று உறுதிப்படுத்த இயலாது எனத் தெரிவித்தார். 2016 ஏப்ரலில் இளைஞர் விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்பின் கோரிக்கையின் பேரில் குற்றச்சாட்டுகள் தள்ளுபடி செய்யப்பட்டன. அதற்குள் அவர் ஏழு மாதங்களைச் சிறையில் கழித்திருந்தார்.

இங்கே தவறியவர்கள் பயிற்சி பெறாத பொதுமக்கள் அல்லர். ஆய்வகமும் அரசு இயந்திரமுமே தடுமாறின. தன்னார்வத் துப்பறிவோர் தங்கள் பணியை நியாயப்படுத்தும்போது முன்வைக்கும் வலுவான வாதமும் இதுவே. அடகுச் சீட்டின் தேதியையும் சம்பவங்களின் தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தடயவியல் பட்டம் தேவையில்லை. அதிகாரபூர்வ விளக்கத்தை அப்படியே ஏற்காமல் கேள்வி கேட்கும் குடிமக்கள் ஒரு ஜனநாயகத்துக்குத் தேவை. ஆயினும், கைதானவர் குற்றவாளிதானா என்று கேட்பதும், கைதாகாத ஒருவரைக் குற்றவாளி என்று அறிவிப்பதும் ஒன்றல்ல.

எல்லோரும் தேடிய வெள்ளை வேன்

2002 அக்டோபர் 2 முதல் மூன்று வார காலம் வாஷிங்டன் நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் உலுக்கிய மறைந்திருந்து சுடும் தாக்குதல்களில் 10 பேர் கொல்லப்பட்டனர், மூவர் காயமடைந்தனர். எரிபொருள் நிலையங்களிலும் கடைகளின் வாகன நிறுத்துமிடங்களிலும் நின்றிருந்தவர்கள் குறிவைக்கப்பட்டனர். தொடக்கத்தில் சாட்சிகள் சிலர் வெள்ளை நிற வேனையோ சரக்கு வாகனத்தையோ கண்டதாகக் கூறினர். அச்செய்தி பரவியதும், ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் மக்களின் கண்கள் வெள்ளை வாகனத்தையே தேடின. எந்தப் பெருநகரச் சாலையிலும் வெள்ளை வேன் இல்லாத நேரம் கிடையாது என்பதால், தேடியவர்களுக்கு அது தவறாமல் கிடைத்தது.

உண்மையில் தாக்குதலாளர்கள் பயன்படுத்தியது நீல நிறச் செவ்ரோலெட் கார். அந்தக் காலகட்டத்தில் அதன் பதிவெண்ணைக் காவலர்கள் பலமுறை சரிபார்த்திருந்தும் சந்தேகம் எழவில்லை. தொலைக்காட்சிகளில் தோன்றிய ஆய்வாளர்கள் பலர், சுடுபவர் தனித்துச் செயல்படும் வெள்ளையினத்தவராக இருக்கலாம் என்று கணித்தனர். இறுதியில் பிடிபட்டவர்கள் இருவர். ஒருவர் முன்னாள் ராணுவ வீரர், மற்றவர் 17 வயது சிறுவர். இருவருமே கறுப்பினத்தவர்கள்.

எனினும், இந்த வழக்கை முடித்துவைத்ததிலும் பொதுமக்களுக்குப் பங்கு உண்டு. கைரேகை ஒன்றின் மூலம் காவல் துறை சரியான காரையும் பதிவெண்ணையும் கண்டறிந்தது. அவ்விவரம் ஊடகங்களில் வெளியான சில மணி நேரத்தில், மேரிலாந்தில் நெடுஞ்சாலையோர ஓய்விடத்தில் நின்றிருந்த காரை வழிப்பயணிகள் அடையாளம் கண்டு தகவல் அளித்தனர். அக்டோபர் 24 அதிகாலையில் இருவரும் காருக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டனர். தவறான தகவல் தரப்பட்டபோது திசைமாறிய அதே பொதுமக்கள், சரியான தகவல் கிடைத்தபோது சில மணி நேரத்தில் விடையளித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆல்ப்ஸ் மலைச் சாலையில் நான்கு உயிர்கள்

பிரான்சின் ஆன்சி ஏரிக்கு அருகே, ஷெவாலின் கிராமத்தை ஒட்டிய வனச்சாலையில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி நால்வர் சுட்டுக்கொல்லப்பட்டனர். விடுமுறைக்காக வந்திருந்த, பிரிட்டனில் வசித்த ஈராக்கிய வம்சாவளித் தம்பதி, உடன் வந்த மூதாட்டி ஆகியோர் காருக்குள்ளும், உள்ளூர் மிதிவண்டி வீரர் ஒருவர் சாலையிலும் உயிரிழந்தனர். தம்பதியின் ஏழு வயது மகள் படுகாயங்களுடன் உயிர்தப்பினார். நான்கு வயது மகளோ, தாயின் உடலருகே ஒளிந்திருந்த நிலையில் எட்டு மணி நேரத்துக்குப் பின்னரே கண்டெடுக்கப்பட்டார். தடயங்கள் கலைந்துவிடக் கூடாது என்று நிபுணர்களுக்காகக் காத்திருந்த காவலர்கள், காருக்குள் ஒரு குழந்தை உயிருடன் இருப்பதை அறிந்திருக்கவில்லை.

இந்த வழக்கும் இன்றுவரை தீரவில்லை. பயன்படுத்தப்பட்ட ஆயுதம், ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்து ராணுவத்தில் வழக்கத்திலிருந்த பழைய லூகர் ரகக் கைத்துப்பாக்கி என்று கண்டறியப்பட்டது. அதற்கு மேல் உறுதியான விவரம் குறைவு என்பதால் ஊகங்கள் பெருகின. குடும்பச் சொத்துத் தகராறு, ஈராக் பணம், கொல்லப்பட்டவரின் செயற்கைக்கோள் துறைப் பணி, உண்மையான இலக்கு மிதிவண்டி வீரரே என்ற கருத்து, மனநிலை பிறழ்ந்த தனிநபரின் செயல் என ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஆதரவாளர்கள் உருவாகினர்.

இந்த ஊகங்களின் சுமை உயிருள்ள மனிதர்கள் மீது விழுந்தது. கொல்லப்பட்டவரின் நெருங்கிய உறவினர் கைதாகி, போதிய ஆதாரமின்றி விடுவிக்கப்பட்டார். சம்பவ இடத்துக்கு அருகே காணப்பட்ட மோட்டார் சைக்கிள் ஓட்டியின் வரைபடம் 2013-இல் வெளியிடப்பட்டு, அவரைச் சுற்றிக் கதைகள் பின்னப்பட்டன. பின்னர் அவர் ஒரு சாதாரணத் தொழில்முனைவோர் என்பது தெரியவந்தது. 2022-ஆம் ஆண்டு மீண்டும் ஒருமுறை அவர் காவலில் எடுக்கப்பட்டு, குற்றச்சாட்டு ஏதுமின்றி அனுப்பப்பட்டார். சாட்சி என்ற நிலையில் விசாரிக்கப்பட்ட முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், தாம் சந்தேக நபராகக் கருதப்பட்டதாகக் கடிதம் எழுதிவைத்துவிட்டு 2014-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோரை இழந்த இரு சிறுமிகளோ, தங்கள் குடும்பத்தைப் பற்றி உலகம் புனையும் கதைகளுக்கு நடுவேதான் வளர வேண்டியிருந்தது.

பாஸ்டன் தந்த எச்சரிக்கை

பொதுமக்களின் துப்பறிதல் எவ்வளவு விரைவில் அநீதியாக மாறும் என்பதற்கு 2013 ஏப்ரல் 15 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு சான்றாக உள்ளது. பார்வையாளர்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை இணையவாசிகள் அலசி, முதுகுப்பை அணிந்திருந்தவர்களை எல்லாம் வட்டமிட்டுக் காட்டினர். சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பே காணாமற்போயிருந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மாணவர் ஒருவரின் பெயரும் அதில் அடிபட்டது. மகனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பம், ஒரே இரவில் வசைகளையும் மிரட்டல்களையும் எதிர்கொண்டது. சில நாட்களில் அவரது உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவதூறைப் பரப்பிய தளத்தின் நிர்வாகத்தினர் பின்னர் மன்னிப்புக் கோரினர்.

இத்தகைய கூட்டங்களில் தவறு எப்படி உருவாகிறது என்பதைக் கவனிப்பது பயன்தரும். முதலில் ஒருவர், "இவராக இருக்குமோ?" என்று கேட்கிறார். அடுத்தவர் அதை எடுத்துரைக்கும்போது கேள்விக்குறி மறைந்துவிடுகிறது. மூன்றாமவர், முந்தைய இருவரையும் தனித்தனி ஆதாரங்களாகக் கருதுகிறார். ஒரே ஊகம் பலமுறை திரும்பச் சொல்லப்பட்டதே, பல சாட்சியங்கள் கிடைத்ததாகத் தோற்றமளிக்கிறது. புலனாய்வு அதிகாரி தவறினால், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய நீதிமன்றம் உண்டு. இக்கூட்டத்தைக் குறுக்கு விசாரணை செய்ய எவரும் இல்லை.

வெற்றி கிடைத்த இடம்

தன்னார்வலர்களின் பங்களிப்பு முழுவதும் தீமை என்று ஒதுக்குவதும் நியாயமாகாது. 1970-களிலும் 80-களிலும் கலிஃபோர்னியாவில் 13 கொலைகளையும் ஏராளமான பாலியல் வன்கொடுமைகளையும் செய்த நபர், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2018 ஏப்ரலில் பிடிபட்டார். குற்ற இடத்தில் கிடைத்த மரபணுவை, வம்சாவளி ஆர்வலர்கள் பயன்படுத்தும் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு, தூரத்து உறவினர்கள் வழியாகக் குடும்ப மரம் வரையப்பட்டது. அப்பணியில் முக்கியப் பங்காற்றிய பார்பரா ரே-வென்டர், ஓய்வுக்குப் பின் வம்சாவளி ஆய்வில் ஈடுபட்ட முன்னாள் காப்புரிமை வழக்கறிஞர். குற்றவாளி, ஒரு முன்னாள் காவலர். 2020-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வெற்றிக்கும் பாஸ்டன் தவறுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. வம்சாவளி ஆய்வாளர்கள் காவல் துறையுடன் இணைந்து, சரிபார்க்கக்கூடிய சான்றைக் கொண்டு பணியாற்றினர். பெயர் கிடைத்ததும் அதை உலகுக்கு அறிவிக்கவில்லை. சந்தேக நபரின் மரபணு மாதிரி நேரடியாகப் பெறப்பட்டு, பொருந்துவது உறுதியான பின்னரே கைது நடந்தது. அதேவேளை, தொலைவிலிருந்து சுடுபவர் வழக்கமாகத் தம் மரபணுவை விட்டுச்செல்வதில்லை என்பதால், இந்த வழி நெடுஞ்சாலை வழக்குகளுக்கு எளிதில் கைகொடுப்பதில்லை.

இந்தியாவின் அனுபவம்

இந்தியாவும் இத்தகைய சம்பவத்தைக் கண்டுள்ளது. பீகாரின் பேகுசராய் மாவட்டத்தில் 2022 செப்டம்பர் 13-ஆம் தேதி மாலை, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தேசிய நெடுஞ்சாலையில் வெவ்வேறு இடங்களில் கண்ணில் பட்டவர்கள் மீது சுட்டுக்கொண்டே சென்றனர். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அலட்சியமாக இருந்ததாக ஏழு காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். கண்காணிப்புக் கேமரா காட்சிகளின் உதவியுடன் சில நாட்களில் நான்கு பேர் கைதாயினர். ஆனால் அந்தச் சில நாட்களுக்குள்ளேயே, அரசியல் கட்சிகள் ஒன்றையொன்று சாடும் விவாதமாக இச்சம்பவம் உருமாறியது.

ஊகத்தின் அடிப்படையில் தீர்ப்பு எழுதும் போக்கு, இந்தியாவில் உயிர்ப்பலியும் வாங்கியுள்ளது. குழந்தைக் கடத்தல் கும்பல் என்ற வதந்தியால் 2018 ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரைன்படா கிராமத்தில் ஐந்து பேர் அடித்துக்கொல்லப்பட்டனர். அதே ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பகுதியில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு சந்தேகித்த கும்பலால் கொல்லப்பட்டார். தாக்கியவர்கள் தங்களைக் குற்றவாளிகளாகக் கருதவில்லை; ஊரைக் காப்பதாகவே எண்ணினர்.

2008-ஆம் ஆண்டு நொய்டா இரட்டைக் கொலை வழக்கு, வேறொரு வகைப் பாடம். தொலைக்காட்சி விவாதங்கள் நாள்தோறும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தன. கொல்லப்பட்ட சிறுமியின் நடத்தைகூட அலசப்பட்டது. 2013-இல் தண்டிக்கப்பட்ட பெற்றோரை 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கொலையாளி யார் என்ற கேள்வி இன்றும் திறந்தே கிடக்கிறது.

சட்டம் சொல்வது என்ன

குற்றத்தைப் பற்றிய தகவலைத் தெரிவிப்பதைச் சட்டம் ஊக்குவிக்கிறது; சில கடுமையான குற்றங்களில் அதைக் கடமையாகவே ஆக்கியுள்ளது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆவது பிரிவு இதனைக் கூறுகிறது. ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர்கள் நேரில் சென்று சான்று திரட்ட வேண்டும் என்கிறது 176-ஆவது பிரிவு. அதேவேளை, ஒருவரைப் பொய்யாகக் குற்றவாளி என்று பரப்புவது அவதூறு வழக்குக்கு இடமளிக்கும்.

ஊடக விசாரணை நீதி நிர்வாகத்தில் தலையிடுவதாக அமையும் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் எச்சரித்தது. காவல் துறையினர் ஊடகங்களுக்கு விளக்கம் அளிப்பது குறித்து வழிகாட்டு நெறிமுறைகளை வகுக்குமாறு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதிகாரபூர்வமற்ற கசிவுகளே பெரும்பாலான ஊகங்களுக்கு எரிபொருளாகின்றன என்பதால், இதன் முக்கியத்துவம் தொலைக்காட்சி நிலையங்களோடு நின்றுவிடுவதில்லை.

காவல் துறையின் மௌனம் மட்டும் இதற்குத் தீர்வாகாது. வெற்றிடம் நிலவும் இடத்தை வதந்தி நிரப்பும். எந்த வாகனம், எந்த நேரம், எந்தச் சாலைப் பகுதி ஆகிய விவரங்களை உரிய நேரத்தில் வெளியிட்டு, குறிப்பிட்ட உதவியைக் கேட்கும்போது பொதுமக்கள் பயன்படும் சாட்சிகளாகின்றனர் என்பதை வாஷிங்டன் வழக்கு காட்டியது. முன்னர் வெளியிட்ட விவரம் தவறு எனத் தெரிந்தால், அதைத் தயங்காமல் திரும்பப் பெறுவதும் அதே அளவு முக்கியம்.

இந்திய நெடுஞ்சாலைகளில் இன்று சான்றுகளுக்கு முன்புபோல் பஞ்சமில்லை. சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் பதிவுகள் ஒவ்வொரு வாகனமும் கடந்த நேரத்தைக் குறித்துவைக்கின்றன. உணவகங்கள், எரிபொருள் நிலையங்கள், கார்களின் முகப்புக் கேமராக்கள் ஆகியவற்றிலும் காட்சிகள் பதிவாகின்றன. இவற்றில் பல, சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாக அழிந்துவிடக்கூடியவை. சம்பவ நேரத்தில் அச்சாலையில் சென்ற ஓட்டுநர் ஒருவர், தம் கேமராப் பதிவை அழியாமல் எடுத்துவைத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது, நூறு கோட்பாடுகளை எழுதுவதைவிடப் புலனாய்வுக்குப் பெரிதும் உதவும். அதே பதிவை இணையத்தில் வெளியிட்டு, அதில் தெரியும் வாகனத்தின் உரிமையாளரைக் குற்றவாளி என்று அறிவிப்பது, உண்மைக் குற்றவாளிக்கு எச்சரிக்கையாகவும் அப்பாவிக்குத் தண்டனையாகவும் முடியக்கூடும்.

பீனிக்ஸில் ஏழு மாதச் சிறைக்குப் பின் வெளியே வந்த இளைஞரின் வழக்கில், தவறைத் திருத்த வழக்கறிஞர்களும், மாற்று நிபுணரும், நீதிமன்றமும் இருந்தனர். போளூர் அருகே தாக்கப்பட்ட மூதாட்டிக்கு அந்த வாய்ப்பு எதுவும் கிட்டவில்லை. விடை தெரியாத வழக்கு ஒன்றைப் பற்றி அடுத்த முறை ஒரு பெயரும் படமும் கைப்பேசிக்கு வரும்போது, அதை மற்றவர்களுக்கு அனுப்புவதா, காவல் துறையிடம் ஒப்படைப்பதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அதைப் பெறுபவரிடமே இருக்கிறது.